தன் பாட்டையே திருடிய மனிதர்!

1988-ம் வருஷம். சான்ஃபிரான்சிஸ்கோ நகரத்தில் ஒரு நீதிமன்றம். சாட்சி சொல்லும் இடத்தில் நாற்பத்து மூன்று வயது ஆசாமி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் கிடார்!

வக்கீல்கள் கேள்வி கேட்கக் கேட்க, அவர் வாயால் பதில் சொல்வதோடு நிறுத்தவில்லை. 'அந்தப் பாட்டை இப்படி வாசித்தேன்... இந்தப் பாட்டை இப்படி வாசித்தேன்' என்று கிடாரை மீட்டியும் காட்டுகிறார். ஜூரிகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். ஓசியில் ஒரு கச்சேரி!

அவர்மேல் போடப்பட்ட வழக்கு, பாட்டுத் திருட்டு. யாருடைய பாட்டைத் திருடினார்? ஜான் ஃபோகர்ட்டி என்பவர் 1970-ல் எழுதிப் பாடிய பாட்டை. சரி, திருடியதாகச் சொல்லப்பட்டவர் பெயர் என்ன? ஜான் ஃபோகர்ட்டி!

அச்சுப்பிழை எல்லாம் இல்லை. இன்னொரு முறை படித்தாலும் அதேதான் வரும். 'நீ உன்னை மாதிரியே பாடுகிறாய், அது குற்றம்' என்று ஒரு கலைஞனைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். இந்தக் கூத்து எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள நாம் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கலிஃபோர்னியாவில், பெர்க்லி நகரத்துக்குப் பக்கத்தில், எல் செரிட்டோ என்று ஒரு சின்ன ஊர். 1959 வாக்கில் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே வயசுப் பையன்கள் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஜான் ஃபோகர்ட்டி கிடார். ஸ்டு குக் பியானோ (பிற்பாடு பேஸ் கிடாருக்கு மாறினார்). டக் க்ளிஃபர்ட் டிரம்ஸ். ஜானுக்கு ஓர் அண்ணன், டாம். நாலு வயசு மூத்தவர். அவரும் வந்து சேர்ந்துகொண்டார். ஆரம்பத்தில் டாம்தான் பாடகர். ஆனால் வயசுக்கு வந்த பிறகு தம்பியின் தொண்டையிலிருந்து வந்த குரல் இருக்கிறதே... மணலும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு கரகரப்பு, ஓர் ஆவேசம். டாமுக்குப் புரிந்துவிட்டது. மைக்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று ரிதம் கிடார் வாசிக்க ஆரம்பித்தார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1964-ல் ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனி இவர்களைச் சேர்த்துக்கொண்டது. ஜாஸ் இசைத்தட்டு போடுகிற சின்னக் கம்பெனி. முதல் தட்டு அச்சாகி வந்ததும் பையன்கள் ஆசையாக எடுத்துப் பார்த்தால், அதில் இவர்கள் பெயரே இல்லை. 'தி காலிவாக்ஸ்' என்று போட்டிருந்தது! கருப்பின மக்களைக் கேலி செய்கிற மாதிரி செய்யப்பட்ட ஒரு துணி பொம்மையின் பெயர் அது. கம்பெனிக்காரர்களாகவே வைத்துவிட்டார்கள். கூடவே, தலையில் மாட்டிக்கொள்ள புசுபுசுவென்று வெள்ளைத் தொப்பி வேறு. நாலு பேரும் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மாட்டிக்கொண்டார்கள்.

1967-ல் கம்பெனி கை மாறியது. அங்கேயே சேல்ஸ்மேனாக இருந்த சால் ஸான்ட்ஸ் என்பவர் கூட்டாளிகளோடு சேர்ந்து அதை வாங்கினார். இந்தக் கதையின் வில்லன் இவர்தான். (வில்லனா என்று பிறகு யோசிக்கலாம். விஷயம் அத்தனை சுலபமில்லை.) 'அந்தக் கண்றாவிப் பெயரை மாற்றுங்கள்' என்று முதலில் சொன்னவரும் அவர்தான். நாலு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டு 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' என்று வைத்துக்கொண்டார்கள். டாமின் நண்பருடைய நண்பர் ஒருவர் பெயரிலிருந்து முதல் வார்த்தை. ஒரு பீர் விளம்பரத்திலிருந்து இரண்டாவது. மூன்றாவது இவர்களுடைய ஆசை - மறுமலர்ச்சி.

பெயரோடு புது கான்ட்ராக்ட்டும் வந்தது. அதில்தான் சூட்சுமம். ஜான் எழுதுகிற பாட்டுகளின் உரிமை கம்பெனிக்கு. அவருக்கு விற்பனையில் ஒரு பங்கு மட்டும். வருஷத்துக்கு இத்தனை பாட்டு பதிவு செய்து தரவேண்டும், குறைந்தால் பாக்கி அடுத்த வருஷக் கணக்கில் ஏறும். கந்துவட்டி மாதிரி, பாட்டுக்கு! 'பெரிய ஆளாக வாருங்கள், இதைக் கிழித்துப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று எழுதலாம்' என்று ஸான்ட்ஸ் வாய்வார்த்தையாகச் சொன்னதாக ஜான் பல முறை சொல்லியிருக்கிறார். இருபத்து சொச்சம் வயசு. இசைத்தட்டு வந்தால் போதும் என்ற வெறி. கையெழுத்துப் போட்டார்கள்.

1969-ல் இவர்களுடைய 'பேட் மூன் ரைஸிங்' சக்கைப்போடு போட்டது. குதியாட்டம் போடவைக்கிற மெட்டு, ஆனால் உள்ளே சொல்வதெல்லாம் வரப்போகிற அழிவு. ஒரு பழைய சினிமாவில் வரும் சூறாவளிக் காட்சிதான் அதற்குத் தூண்டுதல் என்று ஜான் சொல்லியிருக்கிறார். 1941-ல் வந்த 'தி டெவில் அண்ட் டேனியல் வெப்ஸ்டர்'. கதை என்ன தெரியுமோ? ஓர் ஏழை விவசாயி, சாத்தானோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டிக்கொள்வது!

இனி பாட்டுகளுக்கு வருவோம். அந்தச் சமயத்தில் சான்ஃபிரான்சிஸ்கோ எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஹிப்பிகள், எல்.எஸ்.டி., பூப்போட்ட சட்டை, ஒரே பாட்டை இருபது நிமிஷம் இழுத்து வாசிப்பது... இதற்கு நடுவே இந்த நாலு பேர் கட்டம் போட்ட சட்டையோடு, டக்கின் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டில், ஆபீஸ் போகிற மாதிரி தினமும் போய் ஒத்திகை பார்த்தார்கள். அந்த இடத்துக்கு இவர்கள் வைத்த பெயரே 'ஃபேக்டரி'! மேடையில் போதை கூடாது என்பது ஜானின் கண்டிப்பான சட்டம். ஹிட் பாட்டுகள் பெரும்பாலும் இரண்டரை, மூன்று நிமிஷம்தான். ஆரம்பித்த சூட்டோடு முடிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் எல்லாரும் இவர்களை லூசியானா மாகாணத்தின் சதுப்பு நிலத்தில் முதலைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள் என்றே நினைத்தார்கள். 'போர்ன் ஆன் தி பையூ' என்று ஒரு பாட்டு. பையூ என்றால் அந்தப் பக்கத்தில் தேங்கித் தேங்கி ஓடும் ஓடை. எழுதும்போது ஜான் அந்தத் திசைப் பக்கமே போனதில்லை! 'ப்ரௌட் மேரி' மிஸிஸிப்பி ஆற்றுப் படகைப் பற்றிய பாட்டு. அப்போது அந்த ஆற்றிலும் அவர் கால் நனைத்ததில்லை. 'லோடை' என்ற பாட்டில் ஒரு பாடகன் பிழைப்புக் கெட்டு மாட்டிக்கொண்டு தவிக்கும் ஊர், கலிஃபோர்னியாவிலேயே இருக்கிறது. அங்கேயும் போனதில்லை, பெயர் நன்றாக இருக்கிறதே என்று போட்டுக்கொண்டாராம். எல்லாம் ரேடியோவில் கேட்ட பழைய ப்ளூஸ் பாட்டுகளிலிருந்து அவர் மனசுக்குள் கட்டிக்கொண்ட ஊர். அதிர்ந்து நடுங்குகிற மாதிரி ஒரு கிடார் ஒலி, அதிகம் மாறாத ஒன்றிரண்டு ஸ்வரக் கூட்டு, மேலே அந்தக் குரல். இதற்கு 'ஸ்வாம்ப் ராக்' என்று பெயரும் வந்துவிட்டது. சதுப்பு நில ராக்! இந்த வார்த்தையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் வேண்டியிருக்கும்.

'ப்ரௌட் மேரி' பிறந்த கதை தனி. வியட்நாம் யுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். இளைஞர்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். 1966-ல் ஜானுக்கும் அழைப்பு வந்தது. ராணுவத்தின் ரிசர்வ் பிரிவில் சேர்ந்து வியட்நாம் போகாமல் தப்பித்தார். 1968-ல் ஒருநாள் வீட்டுப் படிக்கட்டில் ஓர் அரசாங்கக் கவர் கிடந்தது. பிரித்தால், விடுதலைப் பத்திரம்! புல்தரையில் குட்டிக்கரணம் போட்டுவிட்டு, உள்ளே ஓடி கிடாரை எடுத்தார். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி ஆரம்பிக்குமே, அந்த அடியை மனசில் வைத்து விளையாடிக்கொண்டிருந்த ஸ்வரங்களோடு சந்தோஷம் கலந்தது. பாட்டு தயார். 1969 ஜனவரியில் வெளிவந்து அமெரிக்க ஹிட் வரிசையில் இரண்டாவது இடம்.

அந்த ஒரே வருஷத்தில் மூன்று எல்.பி.க்கள்! இன்றைக்கு ஒரு ஆல்பத்துக்கு நாலு வருஷம் எடுத்துக்கொள்கிறவர்கள் கவனிக்க. இன்னொரு விசித்திரம். அமெரிக்க சிங்கிள்ஸ் வரிசையில் இவர்களுடைய ஐந்து இசைத்தட்டுகள் இரண்டாவது இடம் வரை போயின. முதலிடம்? கடைசி வரை ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை!

1969 ஆகஸ்ட், வுட்ஸ்டாக். லட்சக்கணக்கான பேர் கூடிய அந்தப் பிரசித்தமான திருவிழாவிலும் இவர்கள் உண்டு. ஆனால் முன்னால் வாசித்த கோஷ்டி இழுத்துக்கொண்டே போனதில், இவர்கள் மேடையேறும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. எதிரே ஜனங்கள் சேற்றில் கும்பல் கும்பலாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். யாராவது விழித்திருக்கிறீர்களா என்ற மாதிரி ஜான் குரல் கொடுக்க, தூரத்து இருட்டில் ஒரே ஒருவர் லைட்டரைப் பற்றவைத்து ஆட்டி, 'நாங்க இருக்கோம் ஜான், கவலைப்படாதே!' என்கிற மாதிரி கத்தினாராம். மீதி நிகழ்ச்சியை அந்த ஒரு ஆளுக்காகவே வாசித்ததாக ஜான் சொல்வார். கச்சேரி திருப்தியில்லை என்று வுட்ஸ்டாக் படத்தில் சேர்க்கவும் அனுமதி தரவில்லை. முழுப் பதிவும் 2019-ல்தான் வெளிவந்தது. கேட்டுப் பாருங்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. மனுஷன் வீண் பிடிவாதம்!

வருஷக் கடைசியில் வந்தது 'ஃபார்ச்சுனேட் சன்'. அதிர்ஷ்டக்காரப் பிள்ளை. 1968 டிசம்பரில் ஒரு கல்யாணம் நடந்தது. பெண், அப்போதுதான் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த நிக்ஸனின் மகள். மாப்பிள்ளை, முன்னாள் ஜனாதிபதி ஐஸன்ஹோவரின் பேரன். 'இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் யாரும் வியட்நாம் போய்ச் சாகப் போவதில்லை' என்று ஜானுக்கு வயிறெரிந்தது. (மாப்பிள்ளை பிறகு கடற்படை ரிசர்வில் மூன்று வருஷம் வேலை பார்த்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.) இருபது நிமிஷத்தில் எழுதிய பாட்டு. கொடி பிடிப்பவன் ஒருவன், குண்டடி படுபவன் இன்னொருவன் - இதுதான் சாரம். அந்த யுத்தத்தில் செத்த அமெரிக்கர்கள் மட்டும் 58,000-க்கு மேல். பெரும்பாலும் சாதாரண வீட்டுப் பையன்கள். காட்டிலும் வயலிலும் அவர்கள் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த பாட்டுகளில் கிரீடன்ஸ் முக்கியம். எதிர்ப்பாளர்களுக்கும் அதே பாட்டு, சிப்பாய்க்கும் அதே பாட்டு!

பாவம், அந்தப் பாட்டின் தலையெழுத்தைப் பாருங்கள். பிற்காலத்தில் ஒரு ஜீன்ஸ் கம்பெனி, கொடியைப் பற்றி வரும் ஆரம்பத்தை மட்டும் வெட்டி எடுத்து, தேசபக்திப் பாட்டு மாதிரி விளம்பரத்தில் போட்டது. ஜான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். தடுக்கமுடியவில்லை. உரிமைதான் அவரிடம் இல்லையே! 2020-ல் டிரம்ப்பின் தேர்தல் கூட்டங்களில் போட்டபோது, நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார்.

கோஷ்டி உடைந்த கதைக்கு வருவோம். எல்லாப் பாட்டையும் ஜானே எழுதுவார். ஜானே பாடுவார். யார் எப்படி வாசிக்கவேண்டும் என்றும் ஜானே சொல்வார். மானேஜர் வேலையும் அவரே. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதிகம் புழுங்கியது அண்ணன் டாம். மைக்கைக் கொடுத்தவர் அல்லவா? 'எனக்கும் ஒரு பாட்டுக் கொடு' என்று கேட்டுக் கேட்டு அலுத்து, 1971 ஆரம்பத்தில் விலகினார். வெயிலடிக்கும்போதே பெய்கிற மழையைப் பற்றிய 'ஹேவ் யூ எவர் ஸீன் தி ரெய்ன்' பாட்டை வியட்நாம் குண்டுமழை பற்றியது என்று இன்றைக்கும் பலர் சொல்வார்கள். இல்லை, பேரும் புகழும் கொட்டும்போதே என் கோஷ்டி உடைகிறதே என்ற துக்கம்தான் அது என்று ஜானே சொல்லியிருக்கிறார். மிச்சமிருந்த மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிப் பாடி ஓர் ஆல்பம் போட்டார்கள். விமரிசகர்கள் கிழித்தார்கள். 1972 அக்டோபரில் கடையைக் கட்டியாயிற்று.

மற்றவர்கள் விடுதலையானார்கள். ஜான் ஆகவில்லை. கம்பெனிக்கு அவர் தரவேண்டிய பாட்டுப் பாக்கி மலை மாதிரி நின்றது. போதாததற்கு, வரி மிச்சம் பிடிக்கலாம் என்று யோசனை சொல்லி நாலு பேர் பணத்தையும் பஹாமா தீவில் ஒரு பேங்கில் போடவைத்திருந்தார்கள். 1977-ல் அந்த பேங்க் இழுத்து மூடப்பட்டது. பணம் போச்சு! கடைசியில் 1980-ல் ஜான் ஒரு முடிவெடுத்தார். 'கிரீடன்ஸ் பாட்டுகளைப் பாடியதற்காக எனக்கு வரவேண்டிய ராயல்டியே வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள்!' பெற்ற பிள்ளைகளைக் கடன்காரனிடம் விட்டுவிட்டு வருகிற மாதிரி வெளியே வந்தார். மேடையில் அந்தப் பாட்டுகளைப் பாடவும் மறுத்தார். பாடினால் ஸான்ட்ஸுக்குக் காசு போகுமே!

ஸான்ட்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார்? கிரீடன்ஸ் தட்டுகளில் குவிந்த பணத்தோடு சினிமா எடுக்கப் போனார். 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்', 'அமேடியஸ்', பிறகு 1996-ல் 'தி இங்கிலீஷ் பேஷன்ட்'. மூன்றும் சிறந்த படத்துக்கான ஆஸ்கார்! அற்புதமான படங்கள், எனக்கும் பிடித்தவை. அதுவும் 'அமேடியஸ்' யாரைப் பற்றி? காசில்லாமல் செத்துப்போன ஓர் இசை மேதையைப் பற்றி! சிரிப்பதா, அழுவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்பது வருஷ மௌனத்துக்குப் பிறகு 1985-ல் ஜான் 'சென்டர்ஃபீல்ட்' என்ற ஆல்பத்தோடு திரும்பி வந்தார். நேராக முதலிடம்! அதில் சும்மா இருக்காமல், ஜேப்படி செய்யப் பழக்கப்பட்ட ஒரு பன்றியைப் பற்றி 'ஸான்ஸ் கான்ட் டான்ஸ்' என்று ஒரு பாட்டு வைத்தார். ஸான்ஸ் யார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். பதினாலு கோடி டாலருக்கு மேல் கேட்டு மானநஷ்ட வழக்கு! ஜான் அவசரமாக 'ஸான்ஸ்' என்பதை 'வான்ஸ்' ஆக்கினார். அது ஒருவழியாகச் சமரசத்தில் முடிந்தது.

இன்னொரு வழக்குதான் நாம் ஆரம்பத்தில் பார்த்தது. ஆல்பத்தின் ஹிட் பாட்டான 'தி ஓல்ட் மேன் டவுன் தி ரோட்', 1970-ல் வந்த 'ரன் த்ரூ தி ஜங்கிள்' பாட்டின் காப்பி, வார்த்தைதான் வேறு என்றது ஃபேன்டஸி. பழைய பாட்டின் உரிமை கம்பெனியுடையது. ஆகவே எழுதியவனே ஆனாலும் காப்பியடித்தால் திருட்டுதான்! சட்டப்படி பார்த்தால் வாதத்தில் ஓட்டையில்லை. இது மாதிரி வழக்குகளில் எல்லாரும் சொல்கிற 'அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை' என்ற பதிலையும் ஜான் சொல்லமுடியாது. எழுதியவரே அவராயிற்றே!

அதனால்தான் கிடாரோடு போனார். 'இது ஸ்வாம்ப் ராக். இந்த நடுக்கம், இந்த அடி, இந்தக் குரல் எல்லாம் என் பாணி. பாட்டு வேறு, பாணி வேறு. பாட்டை எழுதிக் கொடுத்தேன். விரலையும் தொண்டையையும் எழுதிக் கொடுக்கவில்லை' - அவர் வாசித்துக் காட்டியதன் சாரம் இதுதான். ஜூரிகளுக்குப் புரிந்தது. ஜான் ஜெயித்தார்.

ஜெயித்தாலும் வக்கீல் செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது! திருப்பித் தா என்று கேட்டார். அந்தப் பகுதிக் கோர்ட்டுகளில் அப்போது ஒரு வழக்கம். காப்பிரைட் வழக்கில் வாதி ஜெயித்தால் செலவு சாதாரணமாகக் கிடைக்கும். பிரதிவாதி ஜெயித்தால், வழக்கு அற்பமானது அல்லது கெட்ட எண்ணத்தோடு போட்டது என்று நிரூபிக்கவேண்டும். ஜான் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1994 மார்ச் 1-ம் தேதி நீதிபதிகள் ஒரே குரலில், இரு தரப்பையும் ஒரே தராசில்தான் நிறுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். பதிமூன்று லட்சம் டாலருக்கு மேல் அவருக்குச் செலவுத் தொகை கிடைத்தது. அமெரிக்கச் சட்ட மாணவர்கள் பலர் ஜான் ஃபோகர்ட்டியை முதலில் சந்திப்பது பாட்டில் அல்ல, பாடப் புத்தகத்தில்!

இதற்கு நடுவே இரண்டு சம்பவங்களைச் சொல்லவேண்டும். 1987-ல் ஒரு கிளப்பில் பாப் டிலனும் ஜார்ஜ் ஹாரிசனும் ஜானும் எதேச்சையாக ஒரே மேடையில் மாட்டிக்கொண்டார்கள். டிலன், 'நீ ப்ரௌட் மேரியைப் பாடாவிட்டால் உலகம் அதை டீனா டர்னர் பாட்டு என்றே நினைத்துக்கொள்ளும்' என்று சீண்டினார். (டர்னர் 1971-ல் பாடியதும் பிரமாதம்தான்.) அன்றைக்குப் பாடினார். அதே வருஷம் ஜூலை 4, வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக வாஷிங்டன் பக்கத்தில் ஒரு நிகழ்ச்சி. பதினைந்து வருஷமாகப் பூட்டிவைத்திருந்த கிரீடன்ஸ் பாட்டுகளை அவர்கள் முன்னால் வரிசையாகப் பாடினார். தன் காயத்தைப் பற்றியும் அவர்களிடம் பேசினார். கேட்டவர்களில் பலருக்கு அந்தப் பாட்டுகளை யாருடன் உட்கார்ந்து கடைசியாகக் கேட்டோம் என்பது ஞாபகம் வந்திருக்கும்.

எல்லாக் காயமும் ஆறவில்லை. முதுகு ஆபரேஷனின்போது ஏற்றிய ரத்தத்தின் மூலம் எய்ட்ஸ் தொற்றி, 1990-ல் டாம் இறந்துபோனார். கடைசி வரை அவர் ஸான்ட்ஸ் பக்கமே நின்றார். அண்ணன் தம்பி மனசார சமாதானம் ஆகவேயில்லை. 1993-ல் ராக் இசையின் கௌரவ மண்டபத்தில் கிரீடன்ஸைச் சேர்த்த விழாவில், குக்கும் க்ளிஃபர்டும் சபையில் இருக்க, ஜான் அவர்களோடு வாசிக்க மறுத்து வேறு ஆட்களோடு வாசித்தார். டாமின் மனைவி கணவரின் அஸ்தியோடு வந்திருந்தார். இதில் ஜான் செய்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. ஸான்ட்ஸ்மேல் இருந்த கோபத்தைக் கூடவே வளர்ந்த பையன்கள்மேல் காட்டுவதா?

2004-ல் ஃபேன்டஸி கம்பெனியை கான்கார்ட் என்ற நிறுவனம் வாங்கியது. வந்தவர்கள் முதல் காரியமாக, 1980-ல் ஜான் விட்டுக்கொடுத்த ராயல்டியைத் திரும்ப அவருக்கே தந்தார்கள். ஸான்ட்ஸ் 2014 ஜனவரியில் காலமானார். பாட்டுகளின் உரிமை மட்டும் கம்பெனியிடமே இருந்தது. 2023 ஜனவரியில், தன் எழுபத்தேழாவது வயதில், அதில் பெரும்பங்கை ஜான் விலை கொடுத்து வாங்கினார். ஆமாம், தானே எழுதியதை, காசு கொடுத்து!

2025 ஆகஸ்டில், எண்பது வயசில், அந்தப் பழைய பாட்டுகளில் இருபதைத் தன் மகன்களையும் கூட வைத்துக்கொண்டு புதிதாகப் பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். ஒவ்வொரு பாட்டின் பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் 'ஜானின் வெர்ஷன்' என்று போட்டிருக்கிறது.